பொறுத்துப் போனால் திருந்துவாரா?

கேள்வி: 'டைரனோசார்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். தன் நாயையே உதைத்துக் கொல்லும் குடிகாரர் ஒருவர், ஒரு பெண்ணின் கனிவால் மனிதராகிறார். என் தங்கையின் கணவரும் குடித்துவிட்டு அடிக்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போ, திருந்திவிடுவார் என்று அவளிடம் சொல்லலாமா? – வாசகி, மதுரை.

பதில்: சொல்லாதீர்கள், அம்மா. பேடி கான்சிடைன் இயக்கி 2011-இல் வெளிவந்த அந்தப் படத்தில் முரடர்கள் இருவர். நீங்கள் நாயைக் கொன்ற ஜோசப்பை நினைவில் வைத்துக்கொண்டு, அவருக்குக் கனிவு காட்டும் ஹன்னாவின் கணவர் ஜேம்ஸை மறந்துவிட்டீர்கள். உங்கள் தங்கைக்கு வாய்த்திருப்பவர் ஜேம்ஸ்.

பழைய துணிகள் விற்கும் தர்மக் கடைக்குள் ஓடிவந்து, தொங்கும் துணிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஜோசப்புக்காக ஹன்னா ஜெபிக்கிறாள். அவரோ அவளுடைய இறைநம்பிக்கையையே ஏசிக் காயப்படுத்துகிறார். ஆனாலும் அது கடை; வேண்டாமென்றால் அவரை வெளியே போகச் சொல்ல அவளால் முடியும். வீட்டில் அது முடியாது. சோபாவில் உறங்குவதுபோல் கிடக்கும் மனைவியின்மேல் சிறுநீர் கழிக்கும் ஜேம்ஸ், பிறகு அழுது மன்னிப்புக் கேட்கிறார். அவரைத் தேற்றும்போது, ஹன்னாவாக நடித்த ஒலிவியா கோல்மனின் முகத்தில் தெரியும் வெறுப்பை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஹன்னாவைவிடப் பொறுத்துப் போனவள் யார்? அந்தப் பொறுமையால் ஜேம்ஸ் திருந்தவில்லை. கொடுமை முற்றி, கடைசியில் அவர் பிணமாகிறார், அவள் சிறைக்குப் போகிறாள்.

ஜோசப் முழுவதும் மாறிவிட்டார் என்றும் நான் சொல்லமாட்டேன் (பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கடித்த நாயை அவர் கொன்றதை நினைத்துப் பாருங்கள்). ஆயினும் ஜேம்ஸிடம் இல்லாத ஒன்று பீட்டர் மல்லன் நடித்த அந்த மனிதரிடம் இருக்கிறது: இறந்துபோன மனைவியின் பருமனைக் கேலி செய்து தாம் வைத்த பட்டப்பெயரை (ஒரு மாபெரும் டைனோசரின் பெயர்; படத்தின் தலைப்பே அதுதான்) யாரும் வற்புறுத்தாமல் தாமே சொல்லி வெட்கப்படுகிறார். ஹன்னா அடைக்கலம் தேடி வரும்போதுகூட, தம்மிடம் அவளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றே எச்சரிக்கிறார்.

அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. உங்கள் தங்கைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். எந்த நேரமானாலும் உங்கள் வீட்டுக்கு வரலாம் என்பதை இன்றே அவளிடம் சொல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கோரலாம். அவள் புகுந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையையும் அந்தச் சட்டம் காக்கிறது. கணவர் குடியை விடச் சிகிச்சைக்குப் போனால் நல்லதுதான். அதுவரை அவள் அடிவாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.