குடல் அழற்சி ஆய்வில் பொது ஆய்வகம் எதற்கு?
கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தங்கைக்குப் பெருங்குடல் புண் அழற்சி. கோவையில் கொலோனோஸ்கோப்பியின்போது (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) ஆராய்ச்சிக்குக் கூடுதல் திசுத் துணுக்குகள் எடுக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். அவை, பல ஆராய்ச்சிக் குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் பொது ஆய்வகத்துக்குப் போகுமாம். மருத்துவமனையே பார்க்கக் கூடாதா?

சிகிச்சைக்கான பயாப்சியை (திசுத் துணுக்குச் சோதனையை) அவர்களே பார்த்துவிடுவார்கள். அது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி, செல்கள் இறந்துபோன திசு. நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்குப் பெரும்பாலும் உயிருள்ள செல்கள் வேண்டும். சில மில்லிமீட்டர் துணுக்கைக் குளிரில் கொண்டுவந்து, கொலாஜனேஸ் நொதியில் 37 டிகிரியில் வைத்துச் செல்களைப் பிரிப்பார்கள். ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்கள், ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் லேசருக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடும். எது டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை), எதன்மேல் ஆல்ஃபா4பீட்டா7 புரதம் இருக்கிறது என்று எண்ணிவிடலாம். இந்த நோய்க்குக் கொடுக்கும் வெடோலிசுமாப் மருந்து பிடித்துக்கொள்வது அந்தப் புரதத்தைத்தான்.

இந்தக் கருவியை ஆளுக்கொன்று வாங்கினால் கட்டுப்படியாகாது. பல குழுக்கள் கட்டணம் கொடுத்துப் பகிர்ந்துகொள்கின்றன. என்னைக் கேட்டால், கருவியைவிட அதை இயக்குபவர்தான் முக்கியம். ஆளுக்கொரு முறையில் பிரித்த செல்களை ஒப்பிட்டு என்ன பயன்?

கிருமியற்ற எலிகளை வளர்த்துத் தருவதும் இத்தகைய சேவையே. அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 என்ற புரதம் இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வரும். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் வராது.

ஊரிலேயே இரத்தம் எடுத்து அனுப்பலாமா என்றால், சிரமம். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் செல்கள் காத்திருக்காது; கூடியவரை அன்றே பிரித்துத் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்ப்பதென்றால் மாதிரி இரண்டொரு நாள் தாங்கும்.

கையெழுத்துப் போட மறுக்கவும் தங்கைக்கு உரிமை உண்டு; அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.