டிஸ்க் மாற்றி ஆறு வாரத்தில் பிரேக் போச்சு, வண்டியையும் தர மறுக்கிறார்கள்

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் சொந்த ஜேசிபி வைத்து நானே ஓட்டுகிறேன், உதவிக்கு ஒரு பையன் உண்டு. பீன்யாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் டிஸ்க் மாற்றினேன். ஆறு வாரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டு, "காலை பிரேக்கிலேயே வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். மறுபடி பணம் கட்டினால்தான் வண்டியாம்.

பதில்: முதல் வேலை, பிரித்த டிஸ்க்கை வெளியே போக விடாதீர்கள். உங்கள் வண்டியில் டிஸ்க் ஆக்ஸில் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, அதனால் தவறான ஆயில் ஊற்றியிருந்தாலும் அது சீக்கிரம் கெட்டுப்போகும், அவர்கள் சொல்வது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிரித்த டிஸ்க், சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் ஆயில், எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே வீடியோ எடுத்து வாங்கி வையுங்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பும்.

வண்டியைப் பிடித்து வைப்பது பற்றி. ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவுப்படி, செய்து முடித்த வேலைக்கான கூலி வராவிட்டால் அவர்கள் வண்டியை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் முதல் பில்லைக் கட்டிவிட்டீர்கள், இரண்டாவது வேலைக்கு ஒப்புக்கொள்ளவும் இல்லை, அப்படியென்றால் எந்தக் கூலிக்காகப் பிடிக்கிறார்கள்? இதையே எழுத்தில் கேளுங்கள். பிழைப்பு நின்றுபோகிறது, வேறு வழியில்லை என்றால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டி எடுங்கள்.

ஜேசிபி வியாபாரத்துக்குத்தானே, நுகர்வோர் வழக்கு செல்லாது என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதிடும். பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவர் ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்தாலும் நுகர்வோர்தான் என்று 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சலுகைக்குத் தரும் விளக்கம் வாங்கிய பொருளைப் பற்றித்தான் பேசுகிறது, ரிப்பேர் மாதிரி சேவையைச் சொல்லவில்லை, அதனால் டிஸ்க்கின் விலை தனியாகத் தெரியும் பில்லைக் கேட்டு வாங்குங்கள், புகாரிலும் அதையே முன்னால் வையுங்கள். நாலைந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவராக இருந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வேன்.

பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் நோட்டீஸ் கொடுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை பிரேக் சரியாகாமல் வண்டியை சைட்டுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், யாராவது அடிபட்டால் தெரிந்தே ஓட்டினார் என்று முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.