மச்சான் சொன்ன தங்கப் பங்கு: 20,000 டொலர் போடலாமா?

கேள்வி: வடக்கு ஒன்ராறியோவில் தங்கம் தேடும் ஒரு சிறிய கம்பனியின் பங்கு, சிறு கம்பனிகளுக்கான கனடியப் பங்குச் சந்தையான ரி.எஸ்.எக்ஸ். வென்சரில் 20 சதத்துக்குப் போகிறது. மொத்தம் 80 மில்லியன் பங்குகள். துளையிட்டதில் "45 மீற்றருக்குத் தொன் ஒன்றுக்கு 2 கிராம் தங்கம், அதற்குள் 1 மீற்றரில் 80 கிராம்" என்று போன மாதம் அறிவித்தார்கள். மச்சான் ஏற்கெனவே வாங்கிவிட்டார், ஒரு டொலருக்குப் போகும் என்கிறார். என் ரி.எஃப்.எஸ்.ஏ. (வரியில்லாச் சேமிப்பு) கணக்கில் 12,000 டொலர் இருக்கிறது. மிச்சம் 8,000ஐ வீட்டு லைன் ஒஃப் கிரெடிட்டில் எடுத்துப் போடலாமா?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: கடன் எடுத்து வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பங்கு விழுந்தாலும் வங்கி மாதாமாதம் வட்டி கேட்கும், ஈடாக நிற்பது உங்கள் வீடு. மற்ற 12,000ஐப் பற்றித்தான் பேச இருக்கிறது.

முதலில் அந்த அறிவிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 மீற்றரை 2 கிராமால் பெருக்கினால் 90. அந்த ஒரே ஒரு மீற்றரில் மட்டும் 80 இருக்கிறது. மிச்சம் 44 மீற்றருக்கும் சேர்த்து 10தான், அதாவது தொன்னுக்குக் கால் கிராம்கூட இல்லை. ஆக, அவர்கள் கண்டது 45 மீற்றர் அகலத் தங்கப் படிவு அல்ல, பாறைக்குள் ஓடும் ஒரு மெல்லிய தங்க நரம்பு. அறிவிப்பில் பொய் ஒன்றும் இல்லை. சராசரி எடுத்த விதம்தான் ஆளை மயக்குகிறது. துளை சாய்வாகப் போயிருந்தால் நரம்பின் உண்மையான அகலம் இன்னும் குறையும். "உண்மை அகலம் தெரியவில்லை" என்ற வரி பெரும்பாலும் அறிவிப்பின் அடியில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

இந்த மாதிரிக் கம்பனி என்றதும் பலருக்கு பிரி-எக்ஸ் ஞாபகம் வரும். கல்கரிக் கம்பனி, இந்தோனேசியாவின் பூசாங்கில் பெருந்தங்கம் என்றார்கள். மாதிரிகளில் தங்கத்தூளைக் கலந்திருந்தது 1997இல் வெளிவந்தபோது பல பில்லியன் டொலர் ஆவியாகிப் போனது. ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியே அதில் காசு இழந்தது. அதற்குப் பிறகு 2001இல் கனடாவில் சுரங்கக் கம்பனிகளின் அறிவிப்புகளுக்கு வந்ததுதான் 43-101 விதி. தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் பொறுப்பேற்காமல் தொழில்நுட்பத் தகவலை வெளியிட முடியாது. அதனால் உங்கள் விஷயத்தில் மோசடியை நான் முதல் ஆபத்தாக வைக்கவில்லை. நேர்மையான கம்பனியிலும் காசு போகும் வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

இந்தக் கம்பனிகளுக்கு வருமானமே கிடையாது. துளையிட, சம்பளம் கொடுக்க, வாடகை கட்ட, எல்லாவற்றுக்கும் புதுப் பங்கு அச்சடித்து விற்கவேண்டும். உதாரணத்துக்கு, அடுத்த கட்டத் துளையிடலுக்கு 4 மில்லியன் டொலர் தேவை என்று வையுங்கள். 20 சதப் பங்கைக் கழிவில் 16 சதத்துக்குத் தனிப்பட்ட முதலீட்டாளர்களுக்கு ஒதுக்குவார்கள். 25 மில்லியன் புதுப் பங்கு. ஒவ்வொன்றோடும் ஒரு வொரண்ட் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். இரண்டு வருடத்துக்குள் 24 சதம் கட்டி இன்னொரு பங்கு எடுக்கலாம் என்ற உரிமை அது. ஆக 80 மில்லியன் 105 ஆகி, பிறகு 130 ஆகலாம். நீங்கள் 20,000 டொலருக்கு வாங்கும் ஒரு லட்சம் பங்கு அப்படியே இருக்கும், கம்பனியில் உங்கள் பங்களவு மட்டும் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பாகம் குறைந்துவிடும். இது ஒரு சுற்று. ஒரு கண்டுபிடிப்பு சுரங்கம் ஆவதற்குள் இப்படி எத்தனை சுற்று வரும்!

ஒதுக்கீட்டில் வாங்கியவர்கள் நான்கு மாதம் விற்கமுடியாது. தடை முடிந்த வாரம் பலர் பங்கை விற்று, தாங்கள் போட்ட காசை எடுத்துக்கொண்டு, வொரண்டைச் சும்மா வைத்திருப்பார்கள். அந்த நேரம் சந்தையில் வாங்குகிற ஆள் நீங்களாக இருக்கக்கூடாது. மச்சான் சந்தையில் வாங்கினாரா, ஒதுக்கீட்டில் வாங்கினாரா, என்ன விலைக்கு என்று குறை நினைக்காமல் கேளுங்கள்.

கனடியக் கம்பனிகள் தங்கள் அறிக்கைகளைப் பதியும் செடார் பிளஸ் இணையத்தளத்தில் கம்பனியின் கடைசி நிதி அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். மூன்று இடம் பார்த்தால் போதும்: கையில் உள்ள காசு, நிலுவையில் உள்ள வொரண்டுகள், துளையிடலுக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டால் நிர்வாகத்துக்கும் விளம்பரத்துக்கும் போனது எவ்வளவு. கையில் ஆறு மாதக் காசுதான் என்றால் அடுத்த ஒதுக்கீடு வாசலில் நிற்கிறது. இதைப் பார்க்காமல் நிலவியல் பேசுவது வீண் வேலை.

வென்றவர்களும் இருக்கிறார்கள். லாப்ரடோரில் வைரம் தேடப்போய் 1993இல் வொய்சீஸ் பேயில் நிக்கலைக் கண்டது டயமண்ட் ஃபீல்ட்ஸ் என்ற சிறு கம்பனி. 1996இல் பெரிய நிக்கல் கம்பனியான இன்கோ அதை 4.3 பில்லியன் கனடிய டொலருக்கு வாங்கியது. பங்குதாரர் பணக்காரர் ஆனார்கள். ஆனால் சுரங்கம் உற்பத்தி தொடங்கியது 2005இல். அவ்வளவு பெரிய படிவுக்கே பன்னிரண்டு வருடம். மச்சான் சொல்லும் ஒரு டொலர் விலைக்கு, 130 மில்லியன் பங்கோடு, வளம் எவ்வளவு என்ற மதிப்பீடுகூட இல்லாத ஒரு நரம்புக்கு 130 மில்லியன் டொலர் கொடுக்க யாரோ முன்வரவேண்டும்.

ரி.எஃப்.எஸ்.ஏ. விஷயமும் முக்கியம். இலாபத்துக்கு வரி இல்லை என்பதால் அதற்குள் வைக்கத் தோன்றும். நட்டம் வந்தால் அந்த நட்டத்தை வரியில் காட்டமுடியாது, அந்தக் கணக்கில் காசு போட உங்களுக்கு உள்ள வரம்பில் இழந்த அளவும் திரும்பக் கிடைக்காது. சாதாரணக் கணக்கில் என்றால் மூலதன நட்டத்தை மூலதன இலாபத்தோடு கழிக்கலாம், முந்தைய மூன்று வருட இலாபத்தோடும் கழிக்கலாம். பெரும்பாலும் நட்டத்தில் முடியும் ஒன்றை ரி.எஃப்.எஸ்.ஏ.யில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடாவிட்டால், சாதாரணக் கணக்கில் 2,000 டொலர். முழுதும் போனாலும் வீட்டில் சண்டை வராத தொகை. சந்தை விலைக்கு ஓடர் போடாமல், உங்கள் விலையைக் குறித்து லிமிட் ஓடராகப் போடுங்கள். 20 சதப் பங்கு அரைச் சதம் நகர்ந்தாலே இரண்டரை வீதம், வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடையில் பல வேளை அதைவிடப் பெரிய இடைவெளி இருக்கும். ஒரு நாளில் எத்தனை பங்கு கைமாறுகிறது என்றும் முதலே பாருங்கள். 30,000 பங்கு மட்டும் போகும் நாளில் ஒரு லட்சத்தை விற்க வந்தால், விலையை நீங்களே இறக்கிவிடுவீர்கள்.