பழைய ஆங்கிலக் குழந்தைப் புத்தகப் படங்களில் வரும் மரப்பொம்மை நம்ம மரப்பாச்சிதானா?

இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கே, அங்கே ஒரு மரப்பாச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே கட்டையில் செதுக்கியது. கை உடம்போடு ஒட்டியிருக்கும், கால் மடங்காது. அந்தப் புத்தகங்களில் வருவது 'டச்சுப் பொம்மை'. பெயர்தான் டச்சு, பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலையின் டைரோல் பகுதியில் செதுக்கி, இங்கிலாந்துக்கு மலிவாக வந்து இறங்கியது. கை கால் மூட்டுகளில் சின்ன மர ஆணி இருக்கும்.

கதையே அந்த மூட்டில்தான் பிறந்தது என்பேன். கை கால் மடங்குகிற பொம்மையை ஓவியர் உட்கார வைக்கலாம், ஓடவிடலாம், விழவும் வைக்கலாம். 1895-இல் புளோரன்ஸ் கேட் அப்டன் படம் வரைய, அவருடைய அம்மா பெர்த்தா பாட்டு எழுதிய புத்தகத்தில் இரண்டு டச்சுப் பொம்மைகள் ராத்திரியில் எழுந்து அட்டகாசம் பண்ணுகின்றன. இந்தப் பொம்மைகளை உடுப்பில்லாமல்தான் விற்பார்கள். அதனால் எழுந்ததும் முதல் வேலையாக அமெரிக்கக் கொடியை வெட்டி உடுப்பு தைத்துக்கொள்கின்றன. நட்சத்திரம் ஒருத்திக்கு, கோடு இன்னொருத்திக்கு! மரப்பாச்சியும் வெறும் கட்டையாகத்தான் வீட்டுக்கு வரும். எங்கள் ஆச்சி ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை எடுத்து அதற்குச் சேலை கட்டிவிடுவார்கள்.

(அதே புத்தகத்தில் ஒரு கறுப்புப் பொம்மையும் உண்டு. கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை வேடத்தின் சாயல் அது. பிள்ளைகளிடம் படத்தைக் காட்டினால் இதையும் சொல்லிவிடுங்கள்.)

அப்புறம், அங்கே மரப்பொம்மைக்கு மரியாதை கம்மி. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1904-இல் வெளியிட்ட இரண்டு எலிகளின் கதையில் பொம்மை வீட்டுக்கு எஜமானி லூசிண்டா; மரக்கட்டை ஜேன் சமையல்காரி. அந்த வீட்டுச் சாப்பாடெல்லாம் சாந்தில் செய்து வைத்தது என்பதால் பாவம், அவளுக்குச் சமைக்கவும் வேலையில்லை.

நம் பக்கம் நேரெதிர். ரங்கூனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பீங்கான் பொம்மைகளைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மரப்பாச்சியோ ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வரும். பிள்ளைகள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து அதற்குக் கல்யாணம் பண்ணி, சொப்புச் சாமான் பரப்பி, விருந்தும் வைப்பார்கள். சமைக்கிற வேலை பிள்ளைகளுக்கு, மாப்பிள்ளை பெண்ணாக நிற்பது மட்டும் மரப்பாச்சிக்கு. அதற்குக் கால் மடங்க வேண்டிய அவசியமே வரவில்லை.