ஓஏஇ பாஸ் ஆன குழந்தைக்கு பெரா டெஸ்ட் எதற்கு? எப்படித் தயார் செய்வது?

மஞ்சள் காமாலை ஏறி என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த குழந்தை, ஓஏஇ என்ற காது டெஸ்டில் பாஸ் ஆகியும், காதிலிருந்து மூளைத்தண்டு வரையுள்ள நரம்பு வழியைப் பார்க்கும் பெரா டெஸ்ட் ஏன் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரா கேட்டதற்குக் காரணமே அந்த மஞ்சள் காமாலைதான். உள்காதின் மயிர்ச்செல்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை (1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தது) மட்டுமே ஓஏஇ பிடிக்கும். காதில் விழுந்த ஒலியின் சேதி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்கிறதா என்று அது பார்ப்பதில்லை. மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் ஏறும் பிலிரூபின் அதிகமானால் அடிபடக்கூடியது அந்த வழிதான். ஓஏஇ பாஸ் ஆகி, பெராவில் அலையே வராத குழந்தைகள் உண்டு. அதற்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். தயவுசெய்து டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெற்றியிலும் இரண்டு காதின் பின்புற எலும்பிலும் எலக்ட்ரோடு ஒட்டி, காதில் வினாடிக்கு 20, 30 'கிளிக்' ஒலி கொடுப்பார்கள். நரம்பிலிருந்து வரும் பதில் 1 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் மற்ற மின்னோட்டம் அதைப்போல் பல மடங்கு. காசிமேட்டு மீன் ஏல இரைச்சலில் ஒருவர் ஒரே சொல்லை முணுமுணுப்பது மாதிரி. அதனால் சுமார் 2000 கிளிக்குக்கான பதில்களைச் சராசரி எடுப்பார்கள். குழந்தை சிணுங்கினாலோ சப்பினாலோ தசை மின்சாரம் அலையை மூழ்கடித்துவிடும். தூக்கம்தான் பாதி டெஸ்ட்.

வடசென்னையில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரை வருகிறவர்களுக்கு ஒரே சிக்கல்: ஆட்டோ குலுக்கலில் குழந்தை தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கி, டெஸ்ட் நேரத்தில் முழித்துக்கொள்ளும். வழியில் தூங்கவிடாமல் கொண்டுவாருங்கள். எலக்ட்ரோடு ஒட்டிய பிறகு பால் கொடுங்கள். அன்று தலைக்கு எண்ணெய், பவுடர், நெற்றியில் மைப்பொட்டு எதுவும் வேண்டாம். தோலின் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காவிட்டால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் உள்ளே வந்துவிடும். தூக்க சிரப்பை டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. மூச்சு, ஆக்சிஜன் அளவைக் கவனிக்க ஆள் இருக்கிற இடத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

பெராவில் நரம்பின் பதில் வரிசையாக எண்ணிட்ட அலைகளாக வரும். ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, 5ஆம் அலை எவ்வளவு குறைந்த டெசிபல் (ஒலி அளவு) வரை தெரிகிறது என்பது. ஒவ்வொரு அளவிலும் இரண்டு தடவை எடுத்த கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஒரே கோட்டை வைத்துச் சொல்லும் முடிவை நம்ப முடியாது. கிளிக் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையான உயர்ந்த சுருதி கேட்கிறதா என்றுதான் சொல்லும். குறைபாடு தெரிந்தால் 500 ஹெர்ட்ஸ் டோன் பர்ஸ்ட்டும் (தாழ்ந்த சுருதியில் கொடுக்கும் சிறு ஒலி) எடுக்கச் சொல்லுங்கள். காது மெஷினைச் சரியாக வைக்க அந்த அளவு தேவை. எல்லா அலைகளும் ஒரே மாதிரி தாமதமாக வந்தால் சளியால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நடுக்காதைச் சோதிக்கும் டிம்பனோமெட்ரியை 1000 ஹெர்ட்ஸில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான 226 ஹெர்ட்ஸ் தவறான தெம்பைக் கொடுத்துவிடும்.

அலையே வரவில்லையா? கிளிக்கின் துருவத்தை (ஒலி அழுத்தம் தொடங்கும் திசையை) மாற்றி இரண்டு தடவை எடுத்தார்களா என்று கேளுங்கள். தொடக்கத்தில் உள்ள அலை தலைகீழாகத் திரும்பினால் மயிர்ச்செல் வேலை செய்கிறது, கோளாறு அதற்கு அப்பால் என்று அர்த்தம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் முடிவு தெரிந்து, ஆறு மாதம் ஆவதற்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். அதனால் குழந்தை தூங்காமல் டெஸ்ட் பாதியில் நின்றால், அங்கேயே அடுத்த தேதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.