இரண்டு படி வாங்கும் அப்பா

கேள்வி: ஓசூரிலிருந்து நாக்பூருக்கு லாரி ஓட்டுகிறேன். மாற்று டிரைவர் கிடையாது, இரண்டு பேருக்கான படிப் பணமும் (பேட்டா) எனக்கே. இரவு இரண்டு மணிக்கு மேல் கண் சொக்குகிறது. லீவு நாளில் பத்தாவது படிக்கும் மகன் கூட வருவான், அசந்தால் தட்டி எழுப்புவான். மற்ற நாட்களில் தூக்கத்தை விரட்ட என்ன வழி?
- ஒரு டிரைவர், காவேரிப்பட்டினம்

பதில்: தம்பி, பாக்கு, பச்சை மிளகாய், முகத்தில் தண்ணீர் என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் எனக்கு எழுதுகிறார்கள். தூங்குவதைத் தவிர வழியில்லை. அது கிடக்கட்டும், மகன் விஷயத்துக்கு வாருங்கள்.

அவன் தட்டுகிறான் என்றால் நீங்கள் ஏற்கெனவே தூங்கியாயிற்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் போய்விடும். ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை ரோட்டைப் பார்ப்பானா, அப்பா கண்ணைப் பார்ப்பானா? அவனுக்கும்தானே தூக்கம் வரும்? மாற்று டிரைவரின் படி உங்கள் பையில், அவர் வேலை மகன் தலையில். கேட்டால் குடும்பத்துக்காக என்பீர்கள். பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்துச் சம்பாதிக்கிற பணம் எந்தக் குடும்பத்துக்கு? முதலில் அவனை வண்டியிலிருந்து இறக்குங்கள்.

நாளுக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று மோட்டார் தொழிலாளர்களுக்கு 1961-லேயே சட்டம் போட்டார்கள். ரோட்டில் யார் பார்க்கிறார்கள் என்பீர்கள். சரி, உடம்பு பார்க்கிறதே! இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை எத்தனை வருட சர்வீஸ் இருந்தாலும் அது தூக்கம் கேட்கும். அதற்கு முன்பே பெட்ரோல் பங்கிலோ தாபாவிலோ வண்டியைப் போட்டுப் படுத்துவிடுங்கள், ரோட்டோரத்தில் வேண்டாம். பகலில் அசதி வந்தால் டீ குடித்த கையோடு அலாரம் வைத்து 20 நிமிடம் கண்ணயருங்கள். எழும்போது டீ வேலை செய்யும். ஆனால் அது ராத்தூக்கத்துக்கு ஈடாகாது.

திரும்பும்போது சேலத்துக்கு லோடு என்றால் இன்னும் மோசம். அத்தனை தூரம் ஓட்டிவந்த களைப்போடு தொப்பூர் மலைப்பாதை இறக்கம். கியரில் பிடித்து இறங்க வேண்டிய இடத்தில், டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிற புண்ணியவான்களும் கூடவே வருவார்கள். வழியில்தானே உங்கள் ஊர்? வீட்டில் தூங்கி எழுந்து போங்கள்.

இரண்டாவது படியை விட்டுக்கொடுத்து மாற்று டிரைவரைக் கேளுங்கள். முடியாதென்றால் ட்ரிப்புக்குக் கூடுதல் நாள் கேளுங்கள். எதற்கும் மசியாத முதலாளி என்றால் வேறு வண்டி பாருங்கள். டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரி வைத்திருப்பவர்கள்தான் இப்போது புலம்புகிறார்கள்.