எல்லா வார்த்தைக்கும் முன்னாடி 'அன்' போடுற பையனுக்கு ஆறாயிரம் ரூபா கோர்ஸ் வேணுமா?

திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் பத்தாவது, இங்கிலீஷ்ல எதிர்ப்பதம்னாலே அன்பாசிபிள், அன்லீகல், அன்ரெகுலர்னு எழுதிட்டு வந்துர்றானாம். பக்கத்து சென்டர்ல 'ஆயிரம் ரூட் வேர்ட்ஸ்' கோர்ஸ் ஆறாயிரம் ரூபா, சேர்க்கலாமா, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, வீட்ல வச்சு எப்படிப் பழக்குறதுன்னு கேள்வி.

சேர்க்காதீங்கம்மா. உங்க பையன் 'அன்' போட்டா இல்லைன்னு அர்த்தம் வரும்னு தானாவே பிடிச்சிருக்கான், அதுல பாதி சரி. மீதிய அவன் தமிழ்லயே படிச்சாச்சு. செம்மையோட தமிழ் சேர்ந்தா செந்தமிழ், கோல் சேர்ந்தா செங்கோல், பருத்தி சேர்ந்தா செம்பருத்தி. பின்னாடி வர்ற எழுத்துக்குத் தக்கன முன்னாடி மெய் மாறுதுல்ல, இங்கிலீஷ்ல 'இன்'னும் அதே வேலையத்தான் பண்ணுது. பி, எம்னு உதட்ட ஒட்டிச் சொல்ற எழுத்து வந்தா இம்பாசிபிள், இம்மெச்சூர். எல் வந்தா இல்லீகல், ஆர் வந்தா இர்ரெகுலர். மத்தபடி இன்கரெக்ட், இன்கம்ப்ளீட். 'அன்' மட்டும் எது வந்தாலும் மாறாது, அன்ஹேப்பி, அன்லக்கி. எந்த வார்த்தைக்கு அன், எதுக்கு இன்னுங்கிறது படிக்கப் படிக்கத்தான் பிடிபடும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அவன உக்கார வச்சு சொல்லிருங்க. உங்க ஊரு பக்கம், கப்பலூர்ல, பெட்ரோல் டேங்கர் நிறையப் போகும், பின்னாடி 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'னு எழுதியிருக்கும். நம்ம விதிப்படி பார்த்தா தீப்பிடிக்காதுன்னு வருது. அது தப்பு, நல்லாவே பிடிக்கும். இன்ஃப்ளேம்னா தீ மூட்டுறது, அதோட ஏபிள் சேர்ந்து தீப்பிடிக்கக்கூடியதுன்னு ஆச்சு, அந்த இன் 'உள்ள'ங்கிற இன், 'இல்ல'ங்கிற இன் கிடையாது. இதுல பெரியவங்களே குழம்பித்தான் அமெரிக்காவுல 1920கள்லயே ஃப்ளேமபிள்னு மட்டும் எழுதுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. இப்ப ரெண்டுக்கும் ஒரே அர்த்தம், தீப்பிடிக்காததுன்னா நான்ஃப்ளேமபிள். இது மார்க்குக்காக இல்லம்மா, கேன்லயும் ஸ்ப்ரே டப்பாலயும் இதே வார்த்தை இருக்கு, பிள்ளை சரியாப் புரிஞ்சுக்கணும்.

வார்த்தைக்குப் பின்னாடி ஒட்டுற சஃபிக்ஸ் வேற கதை. அது வார்த்தையோட வேலையவே மாத்தும், அதனால தனி வார்த்தையா மனப்பாடம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, வரில வச்சுத்தான் பழகணும். கேர்னு ஒண்ண எடுங்க. பீ கேர்ஃபுல். டிரைவ் கேர்ஃபுல்லி. ஹிஸ் கேர்லெஸ்னெஸ் காஸ்ட் அஸ் த மேட்ச். இப்படி நாளைக்கு ஒரு வார்த்தை, நாலு வரி போதும். எழுதுறப்ப ஃபுல் தனியா நின்னா ரெண்டு எல், பின்னாடி ஒட்டுனா ஒரு எல், கேர்ஃபுல்லில வர்ற ரெண்டாவது எல் 'லி'யோடது, ஹேப்பி ஹேப்பினெஸ் ஆகும்போது ஒய் போயி ஐ வரும், இத மட்டும் கவனிக்கச் சொல்லுங்க.

இத ஸ்கூல்லயே சொல்லித் தரணும். ஆனா பரீட்சைல இது ஒரு மார்க் கேள்வி, நாலு ஆப்ஷன்ல ஒண்ண டிக் பண்ணா முடிஞ்சது, அத வச்சு ஒரு வரி எழுதுடான்னு யாரும் கேக்குறதில்ல, போர்ஷன முடிக்கிற அவசரத்துல டீச்சருக்கும் நேரம் குடுக்குறதில்ல, பிள்ளைங்க மார்க் வாங்கிட்டு காலேஜ்ல போய் ஒரு லெட்டர் எழுத முடியாம முழிக்குதுங்க. அந்த ஓட்டைலதான் இந்த சென்டர்க்காரய்ங்க நுழையுறாய்ங்க. ஸ்கூல் வாசல்ல நோட்டீஸ் குடுக்குற ஆளுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன், உள்ள போனா நெட்ல சும்மா கிடைக்கிற லிஸ்ட்ட ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பண்ணித் தருவாய்ங்க. இன்னைக்கே கட்டுனா பாதி ஃபீஸ்னு அவசரப்படுத்துனா எந்திரிச்சு வந்துருங்க. மாசத் தவணைன்னு பேப்பர நீட்டுனா கையெழுத்தே போடாதீங்க, சில இடத்துல அது ஃபைனான்ஸ் கம்பெனி லோனு, பையன் பாதில நின்னாலும் தவணை நிக்காது.

காசு செலவழிக்கணும்னா ஒரு நல்ல டிக்‌ஷனரி வாங்குங்க. இல்லைன்னா ஞாயித்துக்கிழமை மதுரை புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, 2023ல தொறந்தது, உக்காந்து படிக்கக் காசு கிடையாது. டிக்‌ஷனரில ஒரு வார்த்தைய எடுத்து அதுக்கு மேலயும் கீழயும் இருக்குற சொந்தக்கார வார்த்தைகள நோட்ல எழுதட்டும்.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது ஒரு குறையே இல்ல. ராத்திரி அவன் எழுதுன நாலு வரியவும் வாசிக்கச் சொல்லி ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல அர்த்தம் கேளுங்க. எதுல தடுமாறுறானோ அந்த வரிய மட்டும் மறுநாள் திரும்ப எழுதட்டும்.